உலர்பழமா, டின் காய்கறியா: அலமாரியில் எதற்கு இடம்?

சமையலறைத் தராசில் 30 கிராம் உலர்திராட்சையை நிறுத்துப் பாருங்கள். எண்ணினால் ஏறக்குறைய அறுபது இருக்கும். உள்ளங்கைக் குழியில் அடங்கிவிடும். பக்கத்திலேயே ஒரு டின் பச்சைப் பட்டாணியைத் திறந்து, நீரை வடித்து, 130 கிராம் எடுத்துக் கொட்டினால் ஒரு கிண்ணம் நிறைந்துவிடும். இரண்டிலும் கலோரி ஒன்றுதான்: 90-ஐ ஒட்டி. திராட்சை ஒரு போன் பேசி முடிப்பதற்குள் காணாமல் போகும். பட்டாணிக்கு ஸ்பூன் வேண்டும், உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அந்த ஒரே 90 கலோரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். திராட்சையில் சர்க்கரை 18 முதல் 20 கிராம், நார்ச்சத்து ஒரு கிராமுக்குச் சற்று மேல், புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. பட்டாணியில் சர்க்கரை நான்கைந்து கிராம், நார்ச்சத்தும் புரதமும் தலைக்கு ஐந்து கிராமுக்குக் குறையாது. ஆனால் உப்பு போட்டு அடைத்த பட்டாணி என்றால் சோடியம் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். திராட்சையில் அது பத்து மில்லிகிராமைக்கூடத் தொடாது.

பழத்தையும் காய்கறியையும் ஒப்பிடுவதே சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாதக் கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும், அவசரத்துக்குக் கைகொடுக்க வேண்டும், கொஞ்சம் சத்தும் இருக்க வேண்டும் என்று நினைத்து அலமாரியை நிரப்புகிறவர்கள் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். என் பங்குக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டின் ஒரு பகுதியாக வேண்டும் என்றால் டின் காய்கறிதான் மேல், அதுவும் உப்பு சேர்க்காதது. உலர்பழம் நல்ல பொருள்தான், ஆனால் அதைக் காய்கறிக்கு மாற்றாக எண்ணக்கூடாது. ஏன் என்பதற்குத்தான் மிச்சக் கட்டுரை.

100 கிராம் கணக்கு செய்யும் ஏமாற்று

சத்து அட்டவணைகள் எல்லாமே 100 கிராமுக்குத்தான் எழுதப்படுகின்றன. அதை அப்படியே படித்தால் உலர்பழம் எல்லாவற்றிலும் முதலிடத்தில் நிற்கும். உலர் ஆப்ரிகாட்டில் பொட்டாசியம் 1,160 மில்லிகிராம், உலர் அத்தியில் நார்ச்சத்து கிட்டத்தட்ட பத்து கிராம், கால்சியம் 160 மில்லிகிராம். டின் பட்டாணியில் பொட்டாசியம் 200-ஐக்கூட எட்டாது. பார்க்கிறவர்களுக்கு டின் காய்கறி வெறும் தண்ணீர்போலத் தோன்றும்.

உண்மையில் அங்கே நடந்தது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் போய்விட்டது. புதுத் திராட்சையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நீர். உலர்ந்ததில் 15 பங்கு. நாலு கிலோவுக்கு மேல் பழம் காய்ந்தால்தான் ஒரு கிலோ உலர்திராட்சை. பொட்டாசியமும் நார்ச்சத்தும் இரும்பும் சர்க்கரையும் சேர்ந்தே அடர்ந்துவிடுகின்றன. யாரும் புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

அதனால் பரிமாறும் அளவில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை ஒரு பங்கு என்று சொல்வது உலர்பழத்தில் 30 கிராம், டின் காய்கறியில் 80 கிராம். இந்த அளவில் மறுபடி கணக்குப் போட்டால் உலர் ஆப்ரிகாட்டின் பொட்டாசியம் 350 மில்லிகிராமாக இறங்குகிறது. அதுவும் மோசமில்லை, உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சொல்லும் 3,510 மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. பொட்டாசியத்தில் உலர்பழம் ஜெயிக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தியின் நார்ச்சத்து மூன்று கிராமாகக் குறைந்து, 80 கிராம் பட்டாணியோடு சமமாக வந்து நிற்கும். உலர்திராட்சை என்றால் அதில் பாதியைக்கூட எட்டாது.

வெயிலில் போனது, கொதியில் போனது

காயவைப்பதும் டின்னில் அடைப்பதும் வேறு வேறு விதமான இழப்புகள். காயவைப்பதில் முதலில் பலியாவது வைட்டமின் சி. காற்றும் சூடும் நேரமும் சேர்ந்து அதைத் தீர்த்துவிடும். புது ஆப்ரிகாட்டில் 100 கிராமுக்குப் பத்து மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். ஐந்து மடங்கு அடர்ந்தும், உலர்ந்ததில் மிஞ்சுவது ஒரு மில்லிகிராம். வைட்டமின் சி-க்காக உலர்பழம் சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் முறையில் செய்த பழங்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றில் சி ஓரளவு தப்பும். கடித்தால் அவல் பொரிபோல நொறுங்கும், எளிதில் தெரிந்துகொள்ளலாம்.

டின்னில் நடப்பது வேறு. பட்டாணி, சோளம், கேரட், பசலை போன்ற புளிப்பில்லாத காய்களை மூடிய பிறகு அழுத்தக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு கக்கும் க்ளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகளை அழிக்க வெறும் கொதிநீர்ச் சூடு போதாது. இந்தச் சூட்டில் வைட்டமின் சி-யும் சில பி வைட்டமின்களும் குறையும். மிஞ்சியதில் ஒரு பகுதி டின்னின் நீரில் கரைந்து நிற்கும். புதுப் பட்டாணியில் 40 மில்லிகிராமாக இருக்கும் சி, வடித்த டின் பட்டாணியில் பத்துக்குள் வந்துவிடும். பாதிக்கு மேல் போச்சு, சரி. ஆனால் பத்து என்பது ஒன்று அல்லவே. டின் பசலையிலும் 14 மில்லிகிராம் இருக்கும்.

(மூடி அடைத்துச் சூடாக்கினால் உணவு கெடாது என்று பிரான்ஸின் நிக்கோலா அப்பேர் கண்டுபிடித்ததற்கு 1810-இல் 12,000 பிராங்க் பரிசு கிடைத்தது. அவர் பயன்படுத்தியது கண்ணாடிப் பாட்டில். தகர டின்னுக்கான காப்புரிமையை அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட் வாங்கினார். கெடாமல் இருப்பதற்குக் காரணம் கிருமிகள் அழிவதுதான் என்று பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. காரணம் தெரியாமலேயே இவ்வளவு காலம் சரியாகச் செய்திருக்கிறார்கள்.)

சூட்டைத் தாங்கி நிற்பவையும் உண்டு. நார்ச்சத்து, புரதம், தாதுக்கள், கேரட்டுக்கும் பரங்கிக்கும் நிறம் தந்து உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் கரோட்டின் எல்லாம் பெருமளவு தப்பிவிடும். டின்னில் அடைத்த பரங்கிக்காய் விழுது 100 கிராமில் வைட்டமின் ஏ 700 மைக்ரோகிராமைத் தாண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தேவைப்படுவதே 700 முதல் 900 வரைதான். அதற்குக் கலோரி வெறும் 34. கரோட்டினுக்குப் பேர்போன உலர் ஆப்ரிகாட்டை ஒரு கைப்பிடி சாப்பிட்டால் கிடைப்பது 50-ஐ ஒட்டி. இந்த ஒரு வரியில் பந்தயம் முடிந்துவிட்டது என்றே சொல்வேன்.

தக்காளி தனிக்கதை. அதற்கு இயல்பிலேயே புளிப்பு இருப்பதால் அவ்வளவு கடும் சூடு தேவையில்லை. வைட்டமின் சி-யும் ஓரளவு நிற்கும். இதைவிட முக்கியம், சிவப்பு நிறம் தரும் லைகோப்பீன். வெந்து செல் சுவர் உடைந்த தக்காளியிலிருந்து, கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால், வேகாத தக்காளியைவிட அதிக லைகோப்பீனை உடல் எடுத்துக்கொள்கிறது. பதப்படுத்தியதால் மதிப்பு கூடிய காய் என்று சொல்ல முடிகிற ஒரு சிலவற்றில் இது ஒன்று. ஒரே ஒரு வகை டின்தான் வாங்கி வைக்க முடியும் என்றால் நான் எடுப்பது உப்பில்லாத தக்காளி டின்.

உப்பும் சர்க்கரையும்

டின் காய்கறியை வேண்டாம் என்கிறவர்கள் சொல்லும் முதல் காரணம் உப்பு. வடித்த டின் காய்கறி 100 கிராமில் பொதுவாக 200 முதல் 300 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனத்தின் நாள் வரம்பு 2,000 மில்லிகிராம், அதாவது ஐந்து கிராம் உப்பு. அரை டின் சாப்பிட்டாலே ஏழில் ஒரு பங்கு போய்விடும். பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் இந்த உப்பு நம் கட்டுப்பாட்டில் இருக்கிற உப்பு. நீரை வடித்து, சல்லடையில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் அலசினால் பீன்ஸ் வகைகளில் சோடியம் 40 சதவீதம் வரை இறங்கும். பட்டாணி, சோளத்தில் அந்த அளவுக்குப் போகாது, காய்க்குள் ஊறிய உப்பு ஊறியதுதான். அலசும்போது கரைந்திருந்த வைட்டமினும் கொஞ்சம் சேர்ந்து போகும், அதையும் சொல்ல வேண்டும். இந்த இழுபறியே வேண்டாம் என்றால் உப்பு சேர்க்காத டின்னை வாங்குங்கள்: சோடியம் பெரும்பாலும் 50 மில்லிகிராமைத் தாண்டாது, அந்த நீரையும் சூப்பில் ஊற்றிவிடலாம், கரைந்திருந்த சத்தும் வீணாகாது.

உலர்பழத்தின் சர்க்கரைக்கு இப்படி ஒரு வழி கிடையாது. இரவில் ஊறப்போட்டுக் காலையில் சாப்பிட்டால் சர்க்கரை குறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பழம் உப்பிப் பருக்கும், மெல்ல எளிதாகும், நாலைந்து சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அந்த வகையில் நல்லதுதான். கொஞ்சம் சர்க்கரை தண்ணீரில் இறங்கவும் செய்யும். அப்புறம் அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுகிறோம்!

அதற்காக உலர்பழத்தை மிட்டாயோடு சேர்ப்பதும் தப்பு. முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை, நாம் அள்ளிப் போடும் வெள்ளைச் சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றின் கணக்கில் வராது. நாரோடு சேர்ந்திருப்பதால் இரத்தத்தில் ஏறுவதும் கொஞ்சம் நிதானமாகத்தான். சிக்கல் அளவில் இருக்கிறது. திராட்சைக் குலை ஒன்றைக் கையில் எடுத்தால் எவ்வளவு சாப்பிட்டோம் என்று கண் சொல்லும், வயிறும் சொல்லும். உலர்ந்த பின் இரண்டுமே வாயை மூடிக்கொள்கின்றன. நானே பலமுறை பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்து, அடி தெரிந்த பிறகுதான் நிமிர்ந்திருக்கிறேன். அதனால்தான் தராசு வாங்கியது.

உலர்பழம் என்ற பெயரில் விற்கும் எல்லாமே உலர்பழமும் இல்லை. க்ரான்பெர்ரி தாங்க முடியாத புளிப்பு, ஆகவே சர்க்கரை சேர்க்காமல் பெரும்பாலும் விற்பதில்லை. 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. கண்ணாடிபோல மின்னும் அன்னாசி, பப்பாளித் துண்டுகள் பாகில் ஊறியவை. வாழைப்பழ வறுவல் எண்ணெயில் பொரிந்தது. பொட்டலத்தின் பின்பக்கத்தில் பழத்தின் பெயருக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். டின் பட்டாணியிலும் சோளத்திலும்கூடச் சிலர் சர்க்கரை சேர்ப்பார்கள், அளவு சிறியது.

இரும்புச்சத்து என்ற பெரிய நம்பிக்கை

இரத்தம் ஊற உலர்திராட்சை, பேரீச்சை என்ற பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. 100 கிராம் உலர்திராட்சையில் இரும்பு இரண்டு மில்லிகிராம் அளவு. 30 கிராமில் 0.6. மாதவிடாய் வரும் வயதுப் பெண்களுக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு 18 மில்லிகிராம். கணக்கு உங்களுக்கே புரியும். அதுவும் தாவர இரும்பு, உடல் எடுத்துக்கொள்வது அதில் சிறு பங்கு. டின் பசலையிலும் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலும், கீரையிலுள்ள ஆக்சலேட் போன்றவை அதை எளிதில் விடாது. இந்தப் போட்டியில் இரண்டுமே தோற்கின்றன. இரத்தசோகை என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இரண்டையும் நம்பி உட்காராதீர்கள். ஒரு சின்ன உபாயம் உண்டு: தாவர இரும்பு எதுவானாலும் கூட வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக உள்ளே போகும். டின் பீன்ஸும் டின் தக்காளியும் ஒரே பாத்திரத்தில் சேர்வது அந்த விதத்தில் நல்ல சேர்க்கை.

யாருக்கு எது

இரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் நிறைந்து சோடியம் இல்லாத உலர் ஆப்ரிகாட் ஒரு கைப்பிடி, உப்புப் போட்ட நொறுக்குத்தீனியைவிட எவ்வளவோ மேல். டின் காய்கறி என்றால் உப்பில்லாதது மட்டும்.

சிறுநீரக நோயாளிகளுக்குக் கதை தலைகீழ். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு உலர்பழம்தான் முதலில் தள்ளிவைக்க வேண்டியது. டின் காய்கறியில் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீரில் இறங்கி வடிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு நஷ்டமான அதே விஷயம் இவர்களுக்கு லாபம். எந்தக் காய், எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் டின் பீன்ஸ், பட்டாணி, தக்காளி பக்கம் நிற்பது பாதுகாப்பு. உலர்பழம் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் எண்ணி எடுத்துவிட்டுப் பொட்டலத்தை மூடி உள்ளே வைத்த பிறகு சாப்பிடுங்கள்.

மலச்சிக்கலுக்கு மட்டும் நான் யோசிக்காமல் உலர்பழத்தின் பக்கம் சாய்வேன், குறிப்பாக ப்ரூன் எனப்படும் உலர் பிளம். நாரோடு சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் அதில் 100 கிராமுக்கு 15 கிராம் அளவு இருக்கிறது. அது முழுதாகச் செரிக்காமல் குடலுக்குள் நீரை இழுத்துவைக்கும். ஐந்தாறு ப்ரூன் போதும். ஒரே மூச்சில் இருபது சாப்பிட்டுவிட்டு வெளியூர்ப் பயணம் கிளம்பக்கூடாது.

மலையேறுகிறவர்கள், நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் டின்னைச் சுமந்துகொண்டு போக மாட்டார்கள். டின்னில் பாதி எடை தண்ணீரும் தகரமும். அங்கே உலர்பழத்தின் அடர்ந்த சர்க்கரையே அதன் பலம். பல் பலவீனமான முதியவர்களுக்கு மெத்தென்று வெந்த டின் காய்கறி எளிது. உலர்பழம் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்கும், சொத்தைக்கு வழி. இடைவேளையில் கொறிப்பதைவிடச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு வாய் கொப்பளிப்பது நல்லது. சின்னக் குழந்தைகளுக்கு முழு உலர்திராட்சை தொண்டையில் அடைக்கும் அபாயமும் உண்டு, நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் ப்ரூனிலும் அதைவிடப் பல மடங்கு டின் பசலையிலும் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். தடை என்று எடுத்துக்கொள்ளாமல், தினசரி அளவு ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஆப்ரிகாட் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அதில் சல்ஃபர் டைஆக்ஸைடு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். போடாதது பழுப்பாக, கொஞ்சம் அழுக்கு நிறமாக இருக்கும். ருசியில் பாகு வாசம் அடிக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். பெரும்பாலானவர்களை சல்ஃபைட் என்ற இந்த வகைப் பொருள் ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். தயமின் என்ற பி1 வைட்டமினையும் அது அழித்துவிடும். பட்டியலில் இ220 என்றோ சல்ஃபைட் என்றோ எழுதியிருப்பதைத் தேட வேண்டும்.

டின்னின் பக்கத்தில் இதற்கு இணையான கவலை உட்பூச்சில் இருக்கும் பிஸ்ஃபினால் ஏ என்ற வேதிப்பொருள். ஐரோப்பிய ஒன்றியம் உணவு தொடும் பொருள்களில் அதைத் தடை செய்யும் விதியை 2024 டிசம்பரில் கொண்டுவந்தது, மாறுவதற்கு அவகாசமும் கொடுத்தது. அது இல்லாத டின்களில் அப்படியே அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடிப் பாட்டிலில் அடைத்ததும் கிடைத்தால் அந்தக் கவலையும் தீரும்.

வாங்கும்போது டின்னில் இரண்டு எடை போட்டிருப்பதைக் கவனியுங்கள். மொத்தம் 400 கிராம் என்று பெரிதாக இருக்கும். வடித்த எடை 240 கிராம் என்று சிறிய எழுத்தில் ஓரமாக இருக்கும். சாப்பிடப்போவது சிறிய எழுத்து. உப்பியிருக்கும் டின்னையோ, திறந்ததும் பீய்ச்சியடிக்கும் டின்னையோ ருசி பார்க்கக்கூட வேண்டாம், அப்படியே குப்பைக்கு. திறந்தது மிஞ்சினால் தகரத்திலேயே விடாமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். உலர்பழப் பொட்டலத்தைப் பிரித்த பின் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, மேல் தட்டில், எட்டி எடுக்கச் சிரமமான இடத்தில் வையுங்கள்.